மாமா சொன்ன மருந்து

1

திவ்யா, ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை ஐந்து முறை கேட்டுவிட்டேன். முதல் முறை சமையலறையில் நின்றபடி. அடுத்த முறை குப்பை போடப் போகும் சாக்கில் வெளியே போய், மழையில் நின்று கேட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

"மாமா, அம்மா சென்னை ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேங்குது. வியாழக்கிழமை கண்டிப்பா வரணும்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. இது இன்னாடான்னா, உங்க மாமா லேப்ல மருந்து கண்டுபுடிச்சிக்கினு இருக்காங்க, அது வரட்டும், அதுவரைக்கும் கதிர் கரண்டு வெக்கறதும் வாணாம், ஆபரேஷனும் வாணாம்னு சொல்லுது. அப்பாவும் சரின்னுட்டாரு. அந்த மைக்ரோ ஆர்என்ஏ மருந்து எப்ப மாமா வரும்? வியாழக்கிழமைக்குள்ள வந்துடுமா?"

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் நீ. உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று உனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் மறைத்துப் பேசப் போவதில்லை. இதை உனக்கும் உன் தம்பி தினேஷுக்கும் எழுதுகிறேன். என் பிள்ளைகள் யாழினிக்கும் கவினுக்கும் நானே வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்து அவர்களுக்கு இப்போது ஒவ்வொன்றாகத்தான் வாயில் வருகிறது.

ஒரே மூச்சில் எழுத வரவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன்.

2

முதலில், நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அடி அண்ணாமலையில் யார் கேட்டாலும், "இங்கிலாந்துல ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன்" என்பேன். அது பொய் இல்லை. உன் அத்தை மல்லிகா நர்ஸ் வேலைக்கு வந்தாள். அவள் விசாவில் நானும் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு வந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலானவனுக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்? பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது.

ஆபரேஷன் அறையில் ஒரு கட்டியை வெட்டி எடுத்தால், நோயாளி முன்பே சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தால், அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவார்கள். அந்தத் துண்டைப் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து, இரண்டு மாடி ஏறி, நீளமான ஒரு நடைக்கூடத்தைக் கடந்து லேபில் சேர்ப்பவன் நான். எந்த நேரத்துக்கு வாங்கினேன், எந்த நேரத்துக்குக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் யாரிடமும் பேசக் கூடாது. நான் பேசுவேன், அது வேறு விஷயம்.

அந்த லேபில் ஹெலன் என்று ஒரு விஞ்ஞானி இருக்கிறார். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வருகிற கட்டி எப்படி வளர்கிறது, மைக்ரோ ஆர்என்ஏ அதில் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் உடனே போகமாட்டேன். சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார். அதில் எனக்குப் புரிந்ததை உனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

பௌர்ணமி அன்றைக்கு நம் ஊர் எப்படி இருக்கும்? லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். அத்தனை பேரையும் ஒழுங்காக நடக்க வைப்பது எது? போலீஸ்காரர் இழுத்துப் போடுகிற இரும்புத் தடுப்பு. இரண்டு ஆள் தூக்கினால் நகர்ந்துவிடும். ஆனால் அதைச் சரியான சந்தில் போட்டால் எந்தக் கூட்டமும் நிற்கும்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. 'இதைச் செய், அதைச் செய்' என்று அதிலிருந்து நகல் சீட்டுகள் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரு சீட்டு 'வளர்' என்று சொல்லும். இன்னொன்று 'பழுதான செல்லே, செத்துப்போ' என்று சொல்லும். மைக்ரோ ஆர்என்ஏ என்பது இருபது, இருபத்திரண்டு எழுத்து நீளமே உள்ள ஒரு துணுக்கு. அது போய் ஒரு சீட்டின் மேல் உட்கார்ந்தால், அந்தச் சீட்டில் எழுதியிருக்கிற வேலை நடக்காது. தடுப்புப் போட்டாயிற்று.

கர்ப்பப்பை வாயில் நோய் வருவதற்கு ஒரு வைரஸ் காரணம். நிறையப் பேருக்கு அது வந்து, தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாமல் வருஷக்கணக்கில் தங்கிவிடும். தங்கினால் முதல் காரியமாக அது தடுப்புகளில் கை வைக்கும். இந்த மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முப்பத்து நான்கு என்று ஒன்று. வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிற வகை. வைரஸ் தங்கிய செல்லில் அது குறைந்துபோகிறது. கூட்டம் திமிறுகிறது. இருபத்தொன்று என்று இன்னொன்று. அது அளவுக்கு மேல் கூடிப்போகிறது. கூடிப்போய் எதை மறிக்கிறது தெரியுமா? கட்டியை அடக்க வருகிற காவலையே மறிக்கிறது. ஆம்புலன்ஸ் வருகிற வழியில் தடுப்பைக் குறுக்கே போட்ட மாதிரி.

இப்படித்தான் கட்டி வளர்கிறது. கைக்கும் கண்ணுக்கும் அகப்படாத துணுக்குகள், கூட வேண்டியது குறைந்து, குறைய வேண்டியது கூடி.

இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நடைக்கூடத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரில் கணக்கு வாத்தியார் என்னை மாடு மேய்க்கப் போகச் சொன்னார். அவரைப் பிடித்துவந்து ஹெலன் பக்கத்தில் நிறுத்த வேண்டும் போலிருந்தது.

3

அந்தத் திமிரில்தான் பொங்கல் அன்று வாயை விட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி நின்றிருந்தீர்கள். யாழினி இரண்டு நிமிஷம் முகம் காட்டிவிட்டு, "ஓகே அத்தை, பை" என்று போனை என் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கவின் வரவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்கத்தான் கூடுதலாகப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

உன் அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். "ணா, யாருக்குனா கர்ப்பப்பை வாயில இந்த மாதிரி வந்தா சரியாவுமா?" என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேள்வி நேராக என் லேபுக்கு வந்துவிட்டதே என்கிற சந்தோஷம்.

"இன்னா கஸ்தூரி இப்படிக் கேட்டுட்ட? அதத்தானே நாங்க இங்க பண்ணிக்கினு இருக்கோம்! மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணு. வெட்ட வாணாம், கரண்டு வாணாம். அந்தத் துணுக்கத் திருப்பி உள்ள அனுப்சா கட்டிக்கு பிரேக் போட்ட மாதிரி. மருந்து வந்துச்சின்னா மொத பார்சல் உனக்குத்தான்."

"நெஜமாவா ணா?"

"அண்ணன் என்னைக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்?"

அதற்கு முந்தின மாதம் கீழ்பென்னாத்தூர் மருத்துவ முகாமில் உன் அம்மாவைப் பரிசோதித்திருக்கிறார்கள். வினிகர் தடவிப் பார்த்ததில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்திருக்கிறது. டவுனுக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை அவள் ரேஷன் கார்டு வைக்கிற கவருக்குள் வைத்துவிட்டு, என்னைக் கேட்டிருக்கிறாள். நான் பார்சல் அனுப்புவதாகச் சொன்னேன். சீட்டு கவருக்குள்ளேயே இருந்துவிட்டது. பொங்கல் போய், சித்திரை போய், ஆவணியும் போய்விட்டது. இடையில் எத்தனை முறை பேசினேன்! மழை எப்படி, கடலைக்காய் என்ன விலை, தினேஷ் படிக்கிறானா. அவள் சில சமயம், "உங்க லேப்ல வேலை எப்படி ணா போவுது?" என்று கேட்பாள். என் மேல் அக்கறை என்று நினைத்து, "சூப்பரா போவுது" என்பேன்.

4

புரட்டாசியில் ரத்தப்போக்கு தாங்க முடியாமல் போய், டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சதை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு பாட்டிலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, உன் அப்பா கையில் கொடுத்து, லேபில் சேர்த்துவிடச் சொன்னார்கள். நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. உடனே போன் போட்டேன்.

"மாப்ள, ரிசல்ட் எப்ப வரும்? பாட்டில் குடுத்தாச்சா?"

"இன்னும் குடுக்கல மச்சான். பத்திரமா கீது."

"எங்க?"

"மரத்துல."

"இன்னாது?"

"ஏரிக்கரை ஆலமரம் மச்சான். மாடு கன்னு போட்டா இளங்கொடிய மூட்டையா கட்டித் தொங்கவுடுவோமே, அதே கெளைல. மஞ்சப்பைல போட்டு நல்லா முடிச்சுப் போட்டுக்கிறேன்."

"யோவ், அது மாட்டுக்குய்யா!"

"இதுவும் கர்ப்பப்பை மேட்டருதானே? அன்னிக்குப் பௌர்ணமி. டவுன்ல வண்டிய உள்ள வுடல. லேப்பு அந்தப் பக்கம். பஸ் ஃபுல்லா மலை சுத்தற ஜனம், அதுங்க நடுவுல இத வெக்க முடியுமா? ஊட்டுக்கு எடுத்தாந்தாலும் தீட்டு. தரைல வெச்சா நாய் இழுத்துக்கினு போவும். நீயே சொல்லு, வேற எங்க வெக்கறது?"

உன் அப்பா முட்டாள் இல்லை, திவ்யா. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியைப் பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்று நாமெல்லாரும் கட்டுகிறோம். தன் மனைவியின் உடம்பிலிருந்து வந்ததை எங்கே வைத்தால் மரியாதை என்று யோசித்து, தனக்குத் தெரிந்த நல்ல இடத்தில் வைத்திருக்கிறார். காக்கை பையைக் கொத்திக் கிழித்திருந்தது. பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே போய் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. நான் தூக்குகிற பெட்டி அரை மணி நேரம் தாமதமானால் 'கெட்டது' என்று எழுதிவிடுவார்கள். இது மூன்று நாள் வெயிலில் தொங்கியிருக்கிறது. மறுபடி சதை எடுக்க வேண்டும் என்றால் உன் அம்மா வருவாளா?

மறுநாள் ஹெலனிடம் கேட்டேன். பதற்றத்தில் கர்ப்பப்பை வாய் என்பதை இங்கிலீஷில் வெறும் 'வாய்' என்று சொல்லிவிட, அவர் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். படத்தைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

"மருந்துத் தண்ணீர் சதையை மூடியிருந்ததா?"

"மூடியிருந்தது."

"அப்படியானால் பயப்படாதே. நீ தூக்குவது பச்சைச் சதை, அதற்குத்தான் பனிக்கட்டி. அதுவோ பதப்படுத்தியது. டாக்டர் பார்த்துவிடலாம்." பிறகு அலமாரியைத் திறந்து, மெழுகில் புதைத்த பழைய சதைத் துண்டுகளைக் காட்டினார். சில யாழினியை விட மூத்தவை. இந்த மாதிரித் துண்டுகளில் நீளமான சீட்டுகள் பொடிப்பொடியாக உடைந்துவிடுமாம். மைக்ரோ ஆர்என்ஏ மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்குமாம், அவ்வளவு சின்னதாக இருப்பதால். அதனால்தான் பழைய துண்டுகளிலிருந்தும் அவர்களால் படிக்க முடிகிறது.

எனக்கு உயிர் வந்தது. அவர் அலமாரியை மூடிக்கொண்டே, "உன் தங்கைக்கு எத்தனை நாளாக ரத்தம் போகிறது?" என்று கேட்டார்.

பாட்டில் எந்தக் கிளையில் தொங்கியது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தேன். இது தெரியவில்லை.

5

முடிவு வந்தது உனக்கே தெரியும். நோய் வந்துவிட்டது, ஆனால் ஆரம்பம். மல்லிகா அத்தை தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு முறை படித்தாள். "இப்ப போனா சரி பண்ணிடலாம்ங்க. இன்னும் ஆறு மாசம் இழுத்தா என்னால எதுவும் உறுதியா சொல்ல முடியாது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் உன் குரல் செய்தி வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ஊருக்கு வர லீவு கேட்டேன். இங்கே அதற்கு ஒரு படிவம். கம்ப்யூட்டரில் உறவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் இருந்தார்கள். தங்கை இல்லை. 'மற்றவர்' என்று அழுத்தினால், 'அவருடைய பராமரிப்பு உங்கள் பொறுப்பா?' என்று கேட்டது. ஆம் என்று போட்டால் சான்று கேட்கிறது. இல்லை என்று போட்டால், மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்கிறது. மேலாளர் நல்ல மனுஷன். "இரண்டு வாரத்தில் ஏற்பாடு செய்கிறேன்" என்றார். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அன்றே ஹெலனிடம் போய், பெட்டி எதுவும் கையில் இல்லாமல் நின்றேன். "இந்த மருந்து எப்போது வரும்?" என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "யாருக்கு?"

"என் தங்கைக்கு."

"ராஜ், உன் தங்கைக்கு இது வராது. எந்தத் துணுக்கு குறைகிறது, எது கூடுகிறது என்று படித்துக்கொண்டிருக்கிறோம். அதை வைத்து நோயை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறோம். மருந்தாக்குவது அதற்கும் அப்பால். துணுக்கைக் கட்டிக்கு மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய பாடு. ஒரே துணுக்கு பல சீட்டுகளின் மேல் உட்காரும், தப்பான இடத்தையும் மறித்துவிடும். வருஷங்கள் ஆகும். வராமலும் போகலாம். அவளுக்கு வேண்டிய சிகிச்சை இன்றைக்கே இருக்கிறது. நன்றாக வேலை செய்கிற சிகிச்சை."

அன்று வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் இன்னொரு தாள். யாழினி பள்ளிக்கூடத்தில் இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள், பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒரு வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. "அப்பா, நாளைக்கு லாஸ்ட் டேட்" என்றாள், காதில் மாட்டியதைக் கழற்றாமல். கையெழுத்துப் போட்டேன். பேனா அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. திவ்யா, உன் வயசுக்கும் இந்த ஊசி உண்டு. அங்கே எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுப் போட்டுக்கொள்.

6

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம். கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது.

"இன்னா ணா, இந்நேரத்துல? வேலைக்குப் போவல?"

"கஸ்தூரி, அந்த மருந்து வராது."

"இந்த வருஷம் வராதா?"

"உனக்கு வராதும்மா."

கடலைக்காய் உடைக்கிற சத்தம் நின்றது. "அப்ப பொங்கலுக்குச் சொன்னது?"

"தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். நான் அங்க கண்டுபுடிக்கிறவன் இல்ல. பெட்டி தூக்கறவன்."

"இன்னா பெட்டி?"

"சதை இருக்கற பெட்டி. ஆபரேஷன் ரூம்லர்ந்து லேப்புக்குத் தூக்கினு போவணும்."

அவள் சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "உம் மாப்ள தூக்கினு போயி மரத்துல கட்னாரே, அந்த வேலையா? அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணுமா? இங்கயே ஏரிக்கரைல இருந்துருக்கலாம்."

"சிரிக்காத. எட்டு மாசம் போச்சு."

"நீ அழாத மொதல்ல." அவள் குரல் மாறியது. "ணா, கரண்டு வெச்சா கொடலெல்லாம் வெந்துடும்னு பக்கத்து ஊட்டு அக்கா சொல்லுது. அதான் பயமா கீது. உன் மருந்துன்னா அதெல்லாம் இல்லன்னு நெனச்சேன்."

மல்லிகா அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். கால் மணி நேரம் பேசினாள். ஆபரேஷனா, கதிர் சிகிச்சையா என்று அங்கே பார்த்துத்தான் சொல்வார்கள், கதிர் வைத்தால் என்ன கஷ்டம் இருக்கும், அதற்கு என்ன மருந்து, எது வதந்தி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கஷ்டமே இருக்காது என்று அவள் சொல்லவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை.

7

வியாழக்கிழமை. பெட்டியோடு நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. விதிப்படி எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"ணா, சென்னை வந்துட்டோம். ஒரே கும்பல். உக்கார எடமில்ல. உம் மாப்ள டீ வாங்கப் போய்க்கிறாரு."

"டோக்கன் வாங்கியாச்சா?"

"ஆச்சு. எனக்கு முன்னாடி ரெண்டு பேரு. உள்ள போனா இன்னா கேப்பாங்க?"

"எத்தினி மாசமா ரத்தம் போவுதுன்னு கேப்பாங்க. கம்மி பண்ணிச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

"ஏன் இத்தினி நாள் வரலன்னு கேட்டா?"

"எங்கண்ணன் மருந்து அனுப்பறேன்னான், அதான் இருந்துட்டேன்னு சொல்லு."

"அத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லு கஸ்தூரி. அவங்களுக்குத் தெரியணும்."

"ஊட்ல வேலைன்னு சொல்லிக்கறேன். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." பின்னால் யாரோ உரக்கப் பெயர் படித்தார்கள். "கூப்புடறாங்க ணா. வெச்சிடறேன்."

பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, நேரத்தை எழுதினேன். நாலு நிமிஷம் தாமதம். காரணம் என்று இருந்த கட்டத்தில், வழியில் போன் பேசினேன் என்று உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அம்மா உள்ளே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, திவ்யா. வீட்டு வேலை என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாததை நான் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த எட்டு மாதம் அவள் தாமதித்தது இல்லை. அது என்னுடையது.